அம்மாச்சி ரூம் வரைக்கும் வைஃபை வரணுமா? கொடைக்கானல் பழைய வீடுகளுக்கு ஒரு கம்ப்ளீட் கைடு!

சாயங்காலம் ஏழு மணி. கொடைக்கானலில் பனி இறங்கிவிட்டது. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து ஊருக்கு வீடியோ கால் போடுகிறீர்கள். தலையில் குல்லா, தோளில் கம்பளி, மூக்கு நுனி சிவந்து அம்மாச்சி திரையில் வருகிறார்.

"ஏன் அம்மாச்சி இந்தக் குளிர்ல முன் ஹால்ல உட்காந்திருக்க? உள்ள கணப்புப் பக்கத்துல உட்கார வேண்டியதுதானே?"

"உள்ள போனா நீ நின்னு நின்னு வர்ற சாமி. இங்கதான் நல்லா தெரியிற!"

இந்த உரையாடல் உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? அல்லது, ஒர்க் ஃப்ரம் ஹில்ஸ் கனவோடு மலைக்குப் போய், மீட்டிங் நடுவில் "ஹலோ... கேட்குதா?" என்று வராண்டாவுக்கு ஓடுகிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பிளானை 100-லிருந்து 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றவும் வேண்டியதில்லை. ஒரு வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். நீங்கள் ஏற்கெனவே காசு கட்டுகிற நெட், சுவரைத் தாண்டி வர முடியாமல் ஹாலிலேயே நிற்கிறது. அதற்கு வழி காட்டினால் போதும்.

எஃப்.எம் கேட்குது, வைஃபை வரலையே... ஏன்?

அதே பின் அறையில் ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள். கோடை பண்பலை 100.5 கணீரென்று கேட்கும். கொடைக்கானலில் மட்டுமல்ல, மலைக்குக் கீழே பல மாவட்டங்களிலும் கேட்கும். அத்தனை தூரம் போகிற ரேடியோ அலை இருக்கும்போது, ஹாலில் இருக்கிற வைஃபை பக்கத்து அறைக்கு வராதது என்ன நியாயம்?

மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, சக்தி. பண்பலை நிலையம் மலை உச்சியிலிருந்து பல ஆயிரம் வாட் சக்தியில் ஒலிபரப்புகிறது. உங்கள் வீட்டு ரவுட்டர் அனுப்புவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

இரண்டு, அலைநீளம். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12 சென்டிமீட்டர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிலும் பாதி. நீளமான அலை தடைகளைச் சுற்றி வளைந்தும் ஊடுருவியும் போய்விடும். குட்டி அலை கல்லில் மோதியே களைத்துவிடும்.

மூன்றாவதுதான் பலர் யோசிக்காத மேட்டர். ரேடியோ பேசும், நாம் கேட்போம். அதோடு கதை முடிந்தது. வைஃபை அப்படியில்லை. ரவுட்டர் ஒன்று சொன்னால் போன் பதில் சொல்ல வேண்டும். ரவுட்டர் சத்தமாகப் பேசினாலும், பேட்டரியை மிச்சம் பிடிக்கிற போன் முணுமுணுக்கத்தான் செய்யும். அந்த முணுமுணுப்பு ரவுட்டருக்குக் கேட்காவிட்டால், திரையில் இரண்டு கோடு சிக்னல் இருந்தும் நெட் நகராது. ஆறு ஆன்டெனா வைத்த 'பவர்ஃபுல்' ரவுட்டர் வாங்கியும் பின் அறை மாறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொடை வீடுகள் ஏன் ஸ்பெஷல் கேஸ்?

1845-ல் மதுரையிலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 'சன்னிசைட்', 'ஷெல்டன்' என்று இரண்டு பங்களாக்களைக் கட்டியதுதான் கொடைக்கானல் நகரத்தின் ஆரம்பம். 1863-ல் வெரி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1899-ல் சூரிய ஆய்வுக்கூடம் வந்தது. மோட்டார் ரோடு வருவதற்கு முன், பெரியகுளம் பக்கமிருந்து குதிரைப் பாதையிலும் டோலியிலும்தான் மக்கள் மேலே வந்தார்கள். கட்டுமானப் பொருளை அடிவாரத்திலிருந்து சுமப்பதைவிட, மலையிலேயே கிடைக்கிற கல்லை உடைத்துக் கட்டுவது சுலபம். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 10 டிகிரிக்குக் கீழே போகிற குளிருக்கும் கனமான சுவர்தான் சரி.

அதனால்தான் பழைய வீடுகளில் ஒன்றரை அடி, இரண்டு அடி கல் சுவர். நடுவில் கணப்பு, அதற்கு மேலே கூரை வரை போகிற கனத்த புகைபோக்கி. தலைக்கு மேலே தகரக் கூரை. பின்னால் தள்ளிக் கட்டிய சமையலறை. பூம்பாறை மாதிரி மலைக் கிராமங்களிலும் பழைய வீடுகளின் சுவர்கள் தடிமன்தான்.

வைஃபைக்கான முதல் தரநிலை வந்தது 1997-ல். முதல் பங்களா கட்டி 152 வருஷம் கழித்து! குளிரை உள்ளே விடாதே என்று கட்டிய சுவர், வைஃபையை மட்டும் விட்டுவிடுமா என்ன?

கணக்காகவே பார்க்கலாம். சிக்னல் இழப்பை டெசிபெல்லில் அளப்பார்கள். 3 டெசிபெல் குறைந்தால் சிக்னல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. ஒரு மரக்கதவு 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 3, 4 டெசிபெல்லைத்தான் தின்னும். ஒன்றரை அடி கனமான சுவர் 15-க்கு மேல் விழுங்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் அது இன்னும் ரொம்ப அதிகம். ஆக, இரண்டு சுவர் தாண்டினால் சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்கு! தகரமும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரசப்பூச்சும் சிக்னலைத் திருப்பியே அனுப்பிவிடும்.

ஸ்டெப் 1: தப்பு யார் மேல?

கேபிள் அண்ணனுக்கு போன் போட்டு சண்டை பிடிப்பதற்கு முன் இந்த டெஸ்ட்டைச் செய்யுங்கள்.

ரவுட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்று, போனை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். லேப்டாப் இருந்தால் லேன் கேபிளில் நேரடியாக இணைத்துப் பார்ப்பது இன்னும் துல்லியம். காலையில் ஒருமுறை, ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு ஒருமுறை.

அங்கேயே ஸ்பீடு பாதாளத்தில் இருந்தால் பிரச்னை வெளியிலிருந்து வருகிற லைனில். பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபரில் கோளாறு. இரண்டுக்கும் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.

ரவுட்டர் பக்கத்தில் ஜம்மென்று இருந்து, அறையில் மட்டும் சொதப்பினால்? அது வீட்டுக்குள் இருக்கிற பிரச்னை. அதாவது, நீங்களே சரி செய்யக்கூடிய பிரச்னை!

ஸ்டெப் 2: ஒரு பேப்பர், ஒரு பென்சில், பத்து நிமிஷ நடை

போனில் தெரிகிற 'கோடுகளை' நம்பாதீர்கள். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி கோடு காட்டும். எண்ணாகப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவச ஆப்கள் நிறைய கிடைக்கும். ஐபோன் என்றால் ஆப்பிளின் 'ஏர்போர்ட் யூட்டிலிட்டி' ஆப்பை இறக்கி, போன் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் போய் 'வைஃபை ஸ்கேனர்' என்பதை ஆன் செய்யுங்கள்.

இப்போது வீட்டின் பிளானை ஒரு தாளில் கோடு போட்டு வரையுங்கள். கல் சுவருக்குத் தடித்த கோடு, பலகைத் தடுப்புக்கு மெல்லிய கோடு. கதவு, ஜன்னல், கணப்பு எல்லாவற்றையும் குறியுங்கள். ஒவ்வொரு அறையிலும் வழக்கமாக உட்காருகிற இடத்தில், அம்மாச்சியின் கட்டில் உட்பட, அரை நிமிஷம் நின்று வருகிற எண்ணை எழுதுங்கள். எண்ணின் அலகு டிபிஎம். மைனஸில் இருக்கும், பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது.

* -30 முதல் -55 வரை: சூப்பர். எதையும் மாற்ற வேண்டாம்.
* -56 முதல் -67 வரை: வீடியோ கால், ஆன்லைன் இன்டர்வியூ, படம் எல்லாம் ஓகே.
* -68 முதல் -75 வரை: வாட்ஸ்அப், பிரவுசிங் ஓடும். வீடியோ கால் திக்கும்.
* -76 முதல் -80 வரை: மெசேஜ் போவதே பெரிய விஷயம்.
* -80-க்குக் கீழே: இருந்தும் இல்லாத கணக்கு.

எண் எங்கே சடாரென்று விழுகிறது என்று பாருங்கள். ஹாலில் -45, கதவைத் தாண்டியதும் -70 என்றால் வில்லன் அந்தச் சுவர்தான். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி செய்யப்போகிற ஒவ்வொன்றும் பலன் தந்ததா இல்லையா என்று இதுதான் சொல்லும்.

ஸ்டெப் 3: பைசா செலவில்லாமல் செய்யக்கூடியவை

பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர் எங்கே இருக்கிறது? ஃபைபர் வீட்டுக்குள் நுழைந்த முதல் அறையில், டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக. அங்கிருந்துதான் பிரச்னை ஆரம்பம்.

வெளியே எடுங்கள். டிவி ஸ்டாண்டுக்குள், இரும்பு பீரோவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் மேலே, பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ரவுட்டர் இருக்கவே கூடாது. தண்ணீரும் வைஃபையை உறிஞ்சும். மீன் தொட்டி, தண்ணீர் டேங்க் பக்கமும் வேண்டாம்.

உயரத்தில் வையுங்கள். ஐந்து, ஆறு அடி உயரத்தில் ஒரு மர அலமாரி சிறந்த இடம். நாற்காலி, மேசை, ஆட்கள் என்று எல்லாத் தடைக்கும் மேலே சிக்னல் போகும். ஆனால் தகரக் கூரையை ஒட்டி வேண்டாம்.

கதவுக்கு நேராக வையுங்கள். கல் வீட்டில் இதுதான் நம்பர் ஒன் டிப். சுவரைத் துளைக்க முடியாத சிக்னல், கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் போகும். பின் அறைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால், திறந்திருக்கும் கதவு வழியாக ரவுட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சாய்வைத் தவிருங்கள். ஒன்றரை அடி சுவரை சிக்னல் நேராகக் கடந்தால் ஒன்றரை அடி கல். நேர்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வாகக் கடந்தால் மூன்று அடி கல்! ரவுட்டரை அதே சுவரோரமாக சில அடி நகர்த்தினாலே இந்த வித்தியாசம் தெரியும்.

கணப்பை நடுவில் விடாதீர்கள். புகைபோக்கிக்கு அந்தப்பக்கம் இருக்கிற அறைக்கு அது ஒரு கோட்டைச்சுவர். ரவுட்டரைப் பக்கவாட்டுக்கு மாற்றி, புகைபோக்கியைச் சுற்றிப் போகிற மாதிரி வழி கொடுங்கள்.

ஆன்டெனாக்களின் சிக்னல் குச்சியின் நுனியிலிருந்து பாய்வதில்லை, பக்கவாட்டில்தான் பரவும். ஒரே தளம் என்றால் நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடி இருந்தால் ஒன்றை மட்டும் படுக்கையாகச் சாயுங்கள்.

ஃபைபர் ஒயர் நீளம் போதவில்லையா? பெட்டியை அங்கேயே விட்டு, ரவுட்டரை மட்டும் லேன் கேபிளில் நகர்த்தலாம். இரண்டும் ஒரே பெட்டி என்றால், கேபிள் அண்ணனிடம் சொல்லி ஃபைபரையே வீட்டின் நடுவுக்கு இழுக்கச் சொல்லுங்கள். புது கனெக்‌ஷன் என்றால் இதை முதல் நாளே பேசிவிடுவது உத்தமம். ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. நீங்களாக இழுத்து, மூலையில் மடக்கி ஆணி அடித்துவிடாதீர்கள், ப்ளீஸ்!

ஸ்டெப் 4: 2.4-ஆ, 5-ஆ?

இப்போதைய ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டையும் தரும். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் இருக்கிற டிவி, லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ். வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஒரு சுவர் தாண்டிய அறைக்கு 2.4. வேகம் குறைவுதான், ஆனால் வந்து சேரும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் சில சமயம் வராத 5-ஐப் பிடித்துக்கொண்டு தொங்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுத்து, அம்மாச்சியின் போனில் 2.4-ஐ மட்டும் சேவ் செய்துவிடுங்கள்.

நாயுடுபுரம், ஆனந்தகிரி மாதிரி வீடுகளும் காட்டேஜ்களும் நெருக்கமாக இருக்கிற இடம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். 2.4-ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். அனலைசர் ஆப்பில் பார்த்து, அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படுத்துகிற சேனலை எடுத்துக்கொள்ளுங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கட்டும். சமையலறையில் மைக்ரோவேவ் அவன் ஓடும்போது மட்டும் நெட் போகிறதா? அதுவும் இதே 2.4 பக்கம்தான் வேலை செய்கிறது. அந்த நேரம் 5-க்கு மாறுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் இலவசம். திரும்ப ஒரு ரவுண்டு நடந்து எண்களை எழுதுங்கள். அம்மாச்சி கட்டிலில் -67 அல்லது அதைவிட நல்ல எண் வந்துவிட்டால் பர்ஸை மூடிவையுங்கள். வரவில்லையா? மேலே படியுங்கள்.

ஸ்டெப் 5: கல் வீட்டுக்கு ஒரே உறுதியான மருந்து, ஒரு கேபிள்

சுவரைத் துளைக்க சிக்னல் படாத பாடு படும். ஒரு லேன் கேபிளுக்கு விரல் கனத்துக்கு ஓர் ஓட்டை போதும். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் தகவலைக் கொண்டுபோகும். எவ்வளவு பெரிய பங்களாவுக்கும் இது தாராளம். கேபிளின் மறுமுனையில், பின் அறையில், இன்னொரு வைஃபை பாயின்ட். இதைத்தான் ஆக்சஸ் பாயின்ட் என்கிறோம்.

புதிதாக வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. பரணில் தூங்குகிற பழைய ரவுட்டர் போதும். செய்முறை இதோ:

1. பழைய ரவுட்டரை ரீசெட் செய்து லேப்டாப்பில் இணையுங்கள்.
2. செட்டிங்ஸில் 'ஏபி மோட்' அல்லது 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்வு செய்யுங்கள். பாதி வேலை அதுவே பார்த்துக்கொள்ளும். நேராக 5-க்குப் போய்விடலாம்.
3. அந்த வசதி இல்லாத மாடலா? அதன் ஐபி முகவரியை மெயின் ரவுட்டரோடு மோதாத ஓர் எண்ணுக்கு மாற்றுங்கள். மெயின் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். இந்த எண் வேறு எந்தக் கருவிக்கும் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
4. பிறகு 'டிஹெச்சிபி' என்பதை ஆஃப் செய்யுங்கள். கேபிளை 'வேன்' போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.
5. மெயின் ரவுட்டரில் இருக்கிற அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு கொடுங்கள். சேனலை மட்டும் மாற்றுங்கள். அங்கே 1 என்றால் இங்கே 11.

அவ்ளோதான். ஹாலிலிருந்து பின் அறைக்கு நடந்தால் போன் தானாகவே புதிய பாயின்ட்டுக்கு மாறிக்கொள்ளும். அடம்பிடித்தால் வைஃபையை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

பழைய சுவரில் கை வைக்கும் முன்...

சுண்ணாம்புக் காரையில் அடுக்கிய கல் சுவர், சிமென்ட் சுவர் மாதிரி கிடையாது. ஹேமர் டிரில்லை வைத்து அதிரவிட்டால் காரை உதிரும், கல் ஆடும். அதனால் இந்த வரிசையில் யோசியுங்கள்.

* ஏற்கெனவே ஓட்டை இருக்கிறதா? பழைய டெலிபோன் ஒயர், கேபிள் டிவி ஒயர், டிஷ் ஒயர் வந்த துளைகள் பல வீடுகளில் சும்மா இருக்கும்.
* மர ஜன்னல் சட்டம், கதவு நிலை வழியாகப் போக முடியுமா? மரத்தில் துளை போடுவதும் அடைப்பதும் சுலபம்.
* தகரக் கூரைக்கும் பலகை சீலிங்குக்கும் நடுவில் இடம் இருக்கிறதா? டார்ச் அடித்துப் பாருங்கள். சில வீடுகளில் உள்சுவர்கள் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும். அப்படியென்றால் துளையே இல்லாமல் கேபிளை மேலேயே கொண்டுபோகலாம். எலித் தொல்லை இருந்தால் பைப்புக்குள் விடுங்கள்.
* எதுவுமே இல்லையென்றால்தான் சுவர். அப்போதும் கல்லில் வேண்டாம், இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற காரையில். பழைய வீட்டு வேலை தெரிந்த ஆளை வைத்து மட்டும்.

வெளிச்சுவர் ஓரமாகக் கேபிள் போனால் வெளிப்புறத்துக்கென்றே செய்த கறுப்பு உறைக் கேபிள் வாங்குங்கள். ஓட்டை வெளிப்பக்கம் சரிவாக இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. இணைப்பு எதையும் வெளியே வைக்காதீர்கள். பனியும் ஈரமும் பித்தளையைப் பச்சையாக்கிவிடும். அப்புறம் நம்ம குரங்கார்! தொங்குகிற ஒயரைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. பிவிசி பைப்புக்குள் விட்டு, நெருக்கமாக கிளிப் அடியுங்கள்.

வாடகை வீடு என்றால் ஓனரிடம் கேட்காமல் டிரில்லைத் தொடவே தொடாதீர்கள்.

ரிப்பீட்டர், மெஷ், பவர்லைன்: எது வாங்கலாம்?

கேபிள் இழுக்க வழியே இல்லை என்பவர்களுக்கு இந்தப் பகுதி.

ரிப்பீட்டர்: விலை குறைவு. ஆனால் பலர் இதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டிவிட்டு "வேலை செய்யலை" என்று புலம்புவார்கள். வராத சிக்னலை அது எப்படித் திருப்பி அனுப்பும்? ஹாலுக்கும் அறைக்கும் நடுவில், -60-லிருந்து -65 வரை வருகிற இடத்தில் மாட்டுங்கள். கதவுக்கு நேராக இருந்தால் இன்னும் நல்லது. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வீடியோ காலுக்கு அந்தப் பாதியே போதும்.

மெஷ்: இரண்டு, மூன்று பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே நெட்வொர்க்காக நடக்கும். செட்டப் எளிது. ஆனால் அந்தப் பெட்டிகளும் அதே கல் சுவரைத் தாண்டித்தான் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். 'இத்தனை சதுர அடிக்குப் போதும்' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக் கல் சுவர் இல்லை. பெட்டிகள் கதவு வழியாக ஒன்றையொன்று 'பார்க்க' வேண்டும். மெஷ் பெட்டிகளைக் கேபிளாலும் இணைக்க முடிந்தால் அதுதான் முதல் தரம்.

பவர்லைன் அடாப்டர்: வீட்டு மின் ஒயர் வழியாகவே நெட்டை அனுப்பும் கருவி. கேட்க ஜோராக இருக்கும். ஆனால் பழைய ஒயரிங், நடுவில் இன்வெர்ட்டர், பின்கட்டுக்குத் தனி இணைப்பு என்று இருக்கிற வீடுகளில் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ரிட்டர்ன் வசதி இருந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள். பழைய ஒயரிங்கை ஒருமுறை எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது எப்படியும் நல்லதுதான்.

பனி வந்தா நெட் போகுதே, உண்மையா?

கொடைக்கானலில் அடிக்கடி கேட்கிற புகார் இது. வீட்டுக்குள் இருக்கிற வைஃபையைப் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பனித்துளி கணக்கிலேயே வராது. மழையில் டிஷ் டிவி போவது வேறு கதை. அதன் அலைவரிசை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே.

அப்புறம் ஏன் போகிறது? காற்றில் கிளை முறிந்து மேலே போகிற ஃபைபர் அறுந்திருக்கும். வெளி இணைப்புப் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரன்ட் போயிருக்கும். ஒன்று மட்டும் உண்மை. அக்டோபர், நவம்பர் மழையில் ஊறிய சுவர், காய்ந்த சுவரைவிடக் கூடுதலாகச் சிக்னலைக் குடிக்கும். அதனால் மே மாதம் -66 காட்டிய இடத்தை 'ஓகே' என்று விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்துக்கென்று ஓர் ஐந்து டெசிபெல் கையிருப்பு வையுங்கள்.

கரன்ட்டுக்குத் தீர்வு ரவுட்டருக்கான மினி யுபிஎஸ். பெரும்பாலும் ரூ.2,000-க்குள் கிடைக்கும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் இருக்கிற வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படித்துவிட்டு, அதற்குப் பொருந்துவதாக வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்குமே பேக்கப் வேண்டும். பின் அறை ஆக்சஸ் பாயின்ட்டையும் மறந்துவிடாதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுங்கள். வெளிச்சுவரில் ஓடுகிற லேன் கேபிள் செம்பு. மின்னல் அதிர்வு அதன் வழியாகவும் வரலாம். மேகம் இருட்டும்போதே, இடி நெருங்குவதற்கு முன், அதையும் கழற்றிவிடுங்கள்.

டவர் இல்லாத வீட்டுக்கு ஒரு போனஸ்

கல் சுவரும் தகரக் கூரையும் வைஃபையை மட்டுமா தடுக்கின்றன? செல்போன் டவர் சிக்னலையும்தான். "போன் அடிச்சா நாட் ரீச்சபிள்" என்று நீங்கள் ராத்திரி பதறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பள்ளத்தாக்கை ஒட்டிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

வைஃபை பின் அறைக்கு வந்துவிட்டால் இதற்கும் வழி பிறந்துவிடும். போன் செட்டிங்ஸில் சிம் கார்டு பகுதிக்குப் போய் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யுங்கள். ஏர்டெல், ஜியோ இரண்டும் 2019-20-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டன. தனி ஆப் வேண்டாம், சாதாரண போன் கால்தான். டவருக்குப் பதில் வைஃபை வழியாக வரும், போகும். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் ஸ்பீடைவிட முக்கியமான செட்டிங் இது. ஆனால் நெட் போனால் இதுவும் போகும். அதனால் வீட்டில் எந்த இடத்தில் டவர் நன்றாகக் கிடைக்கிறது என்பதையும் நடந்து பார்த்து, அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்களா? விருந்தினருக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகக் கொடுங்கள். வீட்டுக்காரர்கள் போனும் கேமராவும் இருக்கிற நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை எல்லோருக்கும் எழுதி ஒட்டாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது...

முதல் நாள் காலை, ரவுட்டர் பக்கத்தில் டெஸ்ட். பிறகு பேப்பரோடு ஒரு நடை. மதியத்துக்குள் ரவுட்டரை இடம் மாற்றி, கதவுக்கு நேராக்கி, 2.4, 5 பெயர்களைப் பிரித்து, மறுபடி ஒரு நடை. போதவில்லை என்றால் மறுநாள் ஒரு கேபிள், ஒரு பழைய ரவுட்டர், அருகில் மினி யுபிஎஸ். கிளம்புவதற்கு முன் வைஃபை காலிங் ஆன். இரண்டு நாள் வேலை.

நூறு வருஷம் குளிரைத் தடுத்த சுவரை இடிக்க வேண்டியதில்லை. அது இருக்கட்டும், அதன் வேலையைப் பார்க்கட்டும். நாம் ஒரு கதவைக் கண்டுபிடித்தால் போதும்.

அடுத்த வாரம் நீங்கள் வீடியோ கால் போடும்போது, அம்மாச்சியின் பின்னால் கணப்பு எரிவது தெரிய வேண்டும். சிக்னலைத் தேடி அவர் குளிரில் எழுந்து வரக் கூடாது. சிக்னல்தான் அவரைத் தேடிப் போக வேண்டும்!